சித்தப்பாவின் டீம் போட்டோவை எழுபது துண்டாக்கிய விதம்

படத்தில் மொத்தம் பன்னிரண்டு பேர். ஆறு பேர் பின்வரிசையில் நிற்கிறார்கள், ஐந்து பேர் முன்னால் குந்தியிருக்கிறார்கள், ஓரத்தில் சட்டைப் பையில் பேனாவோடு கோச். முன்வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆள், முழங்காலுக்கு நடுவே பந்தை இடுக்கிக்கொண்டு குந்தியிருப்பவர், என் சித்தப்பா. இடம் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடல், வருஷம் 1974, அரசாங்க இலாகாக்களுக்கு இடையே நடந்த ஏதோ ஒரு போட்டி. ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கேட்டால் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பதில் வரும்.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கண்புரை அறுவை முடிந்துவிட்டது, விரல் மூட்டுகள் மட்டும் மழைக்காலத்தில் மடங்காது. பொழுது போகவில்லை என்று முனகிக்கொண்டிருந்தவருக்கு இந்தப் படத்தையே ஜிக்சா புதிராக்கிக் கொடுத்தேன். நான் ஒரு அச்சுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வெட்டு இயந்திரம் ஓட்டியவன். காகிதமும் அட்டையும் எனக்குப் பழக்கம், மரம் பழக்கமில்லை. எங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுப்பது. பழைய காற்பந்துப் படம் என்றதும் எல்லாரும் ஆட்டம் நடக்கும் படத்தைத்தான் தேடுவார்கள். நம் வீட்டு ஆல்பங்களில் இருக்கும் ஆட்டப் படங்கள் பெரும்பாலும் சாதாரண கேமராவால் கோட்டுக்கு வெளியே நின்று எடுத்தவை. ஆட்டக்காரர் எறும்பளவு இருப்பார், மீதியெல்லாம் புல். கறுப்பு வெள்ளையில் புல் சாம்பல், வானமும் சாம்பல். அதைத் துண்டு போட்டால் ஐம்பது சாம்பல் துண்டு கையில் நிற்கும். வயதானவருக்கு அது விளையாட்டாக இருக்காது, தண்டனையாக இருக்கும். டீம் படத்தில் முகங்கள், ஜெர்சிக் கோடுகள், காலணி நாடா, பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று பிடித்துக்கொள்ள ஆயிரம் இடம் உண்டு.

படம் தேறுமா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஒரு தடித்த காகிதத்தில் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்றே பெரிய சதுர ஓட்டை போடுங்கள். அதை 3ஆர் படத்தின் மேல், அதாவது மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள். படத்தை ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி எழுபது துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்த ஓட்டையில் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் "இது படத்தில் எந்தப் பக்கம்" என்று உங்களையே கேளுங்கள். எழுபதில் பதினைந்து இடத்துக்கு மேல் பதில் தெரியவில்லை என்றால் வேறு படம் பாருங்கள், இல்லையென்றால் துண்டுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். சித்தப்பாவின் படத்தில் ஒன்பது இடம் அப்படி வந்தது, எல்லாம் காலடிப் புல். சரி, தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

சொந்தப் படம் இல்லாமல் பிரபலமான ஆட்டத்தின் படம் வேண்டும் என்றால் விஷயம் வேறு. 1977ல் சிங்கப்பூர் டீம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பினாங்கை 3-2 என்று தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்களே, கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் கோல் அடித்த ஆட்டம், அதன் படம் யாருக்குத்தான் பிடிக்காது! சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பழைய காற்பந்துப் படங்கள் இருக்கின்றன. தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் புரட்டலாம். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. எடுத்து அச்சிடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், விற்கும் எண்ணம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். இன்னொன்று, செய்தித்தாளில் அச்சான படம் முழுக்கப் புள்ளிகளால் ஆனது. உள்ளங்கை அளவில் முகமாகத் தெரிவது ஏ3 அளவில் வெறும் புள்ளிக்கோலமாகிவிடும். செய்தித்தாளுக்கு ஓர் அங்குலத்தில் எண்பத்தைந்து வரிசைப் புள்ளிதான் போடுவோம், அதற்கு மேல் அந்தத் தாள் தாங்காது. நறுக்கி வைத்த செய்தித்தாள் படத்தை வைத்துப் புதிர் செய்யாதீர்கள்.

ஆல்பத்திலிருந்து படத்தைப் பிரிப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். எழுபது, எண்பதுகளில் வாங்கிய ஆல்பங்களில் பக்கம் முழுக்கப் பசைக்கோடு போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் நாற்பது ஐம்பது வருஷம் கிடந்த பசை படத்தை விடாது. நகத்தால் நெம்பினால் மூலை மடியும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை எடுத்து, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே கொடுத்து, ரம்பம் இழுப்பது போல முன்னும் பின்னுமாக இழுத்து இறக்குங்கள். பாதியில் இறுகினால் விட்டுவிட்டுப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் பிரிக்க வேண்டாம், கண்ணாடியோடு ஸ்கேன் செய்யலாம். ஈரத்துணியால் மட்டும் துடைக்கவே கூடாது. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், தண்ணீர் பட்டால் ஊறி எழும்பிவிடும். அழுத்தினால் காற்று வரும் ரப்பர்ப் பந்தால் ஊதினால் போதும்.

ஸ்கேன் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 3ஆர் படத்துக்கு 2100க்கு 3000 புள்ளிகள் கிடைக்கும். ஏ3 அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 180. பத்திரிகை அட்டைக்கு இது போதாது, மேசையில் ஒரு கை தூரத்தில் பார்க்கும் புதிருக்குத் தாராளம். 1200 வைத்தால் கூடுதல் விவரம் வரும் என்று நினைப்போம். பெரும்பாலும் காகிதத்தின் மயிர்தான் பெரிதாக வரும். நெகட்டிவ் கையில் இருந்தால் அதுவே ராஜா. 35 மில்லி நெகட்டிவை 3200ல் ஸ்கேன் செய்யுங்கள், படத்தை மறந்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரில் ஸ்கேன் செய்வது நல்லது. மஞ்சள் கறையும் பழுப்புக் கோடும் அப்போதுதான் தனியாகத் தெரியும், பிறகு வேண்டிய இடத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் சில படங்களில் மேல்தளம் வழவழப்பாக இருக்காது, தேன்கூடு போலச் சின்னச் சின்ன மேடு இருக்கும். ஸ்கேனர் வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல். அப்படிப்பட்ட படத்தை ஒருமுறை நேராக வைத்தும், ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைத்தும் ஸ்கேன் செய்து, இரண்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாதி தெரியும்படி வைத்தால் நிழல் பெருமளவு அடங்கும். இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும், பொறுமை வேண்டும். கலர்ப் படம் என்றால் பெரும்பாலும் சிவந்து போயிருக்கும். அந்தக் காலத்துச் சாயங்களில் நீலப்பச்சை இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்கிவிடும். ஆல்பத்தில் எல்லாரும் மருதாணி பூசிக்கொண்ட மாதிரி இருப்பது அதனால்தான். கணினியில் ஓரளவுக்குச் சரிக்கட்டலாம்.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. ஸ்கேன் செய்ததும் என் மகள் ஒரு கைபேசிச் செயலியில் போட்டு, "அப்பா, எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க" என்று காட்டினாள். கீறல் இல்லை, மடிப்பு இல்லை, ஒவ்வொரு முகமும் நேற்று எடுத்தது போல இருந்தது. சந்தோஷமாக அச்சடித்து சித்தப்பாவிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"டேய் தம்பி, இது யாருடா?"

"பின்வரிசை கடைசி ஆளா? உங்க லெஃப்ட் பேக்னு சொன்னீங்களே சித்தப்பா."

"அவன் இல்ல. எங்க டீம்ல யாருக்கும் இவ்வளவு வெள்ளையா பல்லு கிடையாது."

மங்கிய இடத்தில் அந்தச் செயலி தானாக ஒரு முகத்தை வரைந்து வைத்திருக்கிறது. அந்த லெஃப்ட் பேக் காலமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் இடத்தில் யாரோ ஒரு அந்நியன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அச்சடித்ததைக் கிழித்துப் போட்டேன். மங்கலாக இருந்தாலும் அது அவர் முகம். கைவைக்காதீர்கள்.

அப்புறம்தான் இன்னொன்றும் புரிந்தது. புதிருக்குப் பழுதுதான் பலம். படத்தின் இடது கீழ்மூலையில் ஒரு மடிப்புக்கோடு ஓடுகிறது. மேலே யாரோ எப்போதோ குத்திய கிளிப் துருவாகப் பதிந்திருக்கிறது. வலது கீழே, வெறும் புல்லின் மேல், தேநீர்ச் சொட்டு மாதிரி ஒரு வட்டக் கறை. இவற்றை அழித்துவிட்டால் அந்தப் புல் துண்டுகளுக்கு அடையாளமே இல்லை. அப்படியே விட்டால், "கறை பிடிச்ச துண்டு இங்க, மடிப்பு இங்கேருந்து அங்க போகுது" என்று கை தானாகத் தேடும். என்னுடைய ஒன்பது சாம்பல் துண்டில் ஐந்தை அந்தக் கறையும் மடிப்பும்தான் காப்பாற்றின. முகத்தின் மேல் விழுந்த தூசிப் புள்ளிகளை மட்டும் எடுத்தேன், வெளிச்சத்தையும் அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான்.

படத்தின் ஓரத்தையும் வெட்டி எறியாதீர்கள். டீமை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நறுக்கிவிட வேண்டும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர், கையில் ஐஸ் உருண்டையோடு ஒரு பையன், குடை பிடித்த ஓர் அம்மா. ஐம்பது வருஷமாக இந்தப் படத்தைப் பார்க்கும் சித்தப்பாவே அந்தப் பையனைக் கவனித்ததில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இவன் கைல என்னடா, மைக்கா?" என்றார். நல்லவேளையாக 3ஆர் அளவும் ஏ3 அளவும் விகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்று. 42 சென்டிமீட்டர் அகலத்துக்கு 29.4 உயரம் வரும், மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 4ஆர் படம், அதாவது நான்குக்கு ஆறு அங்குலம் என்றால் 42க்கு 28. பலகையையே அந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பலகைக்காகப் படத்தை வெட்ட வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு, கடையில் கொடுத்தால் செய்து தருவார்களே என்பீர்கள். தருவார்கள். இணையத்தில் படத்தை ஏற்றினால் ஒரு வாரத்தில் பெட்டியில் வரும். நானும் முதலில் அப்படித்தான் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்களுடைய அச்சு விகிதம் வேறு. மென்பொருள் தானாக மேலே கீழே நறுக்கி, பின்வரிசை ஆறு பேருக்கும் நெற்றியோடு படம் முடிந்துவிட்டது. அதோடு துண்டு ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர், அட்டையும் மெலிசு. சித்தப்பாவின் விரலுக்கு அது அகப்படவே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஐந்நூறு துண்டில் வேண்டும் என்றால் கடையே வசதி. ஏற்றும் முன் அவர்கள் கேட்கும் விகிதத்துக்கு நீங்களே வெள்ளை ஓரம் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், தலை தப்பும்.

கையால் செய்வதற்குத் தேவையானவை கொஞ்சம்தான். மூன்று மில்லி பிளைவுட் ஒரு பலகை, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும். இரண்டு பக்கமும் பசையுள்ள பெரிய ஒட்டுத்தாள். மேட் காகிதத்தில் ஒரே மாதிரி இரண்டு அச்சு, ஏன் இரண்டு என்று பிறகு சொல்கிறேன். பளபளப்புக் காகிதம் வேண்டாம், மேசை விளக்கு பிரதிபலித்து வயதானவர் கண்ணைக் கூசவைக்கும். நிறமி மையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். சாதாரண சாய மை வியர்வைக் கைக்குக் கரையும். லேசர் அச்சில் தூள் ஓரங்களில் உதிரும்.

ஒட்டும்போது வெள்ளைப் பசையைத் தொடாதீர்கள். அச்சுக்கூடத்தில் இருந்தவனே தொட்டுக் கெட்டேன். ஈரம் பட்டதும் காகிதம் விரியும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது பலகையையும் சேர்த்து இழுக்கும். மறுநாள் காலையில் என் பலகை அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. ஒட்டுத்தாளில் தண்ணீர் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை. ஒட்டுத்தாளின் ஓர் ஓரத்தை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு உரித்து, படத்தை நேராக்கிப் பிடித்து, அடியில் உரித்துக்கொண்டே போய், மேலே ஸ்கேலால் தேய்த்துக்கொண்டே வாருங்கள். பலகையின் பின்பக்கமும் ஒரு சாதாரணத் தாளை ஒட்டிவிடுங்கள். முன்னால் ஒரு தாள் இழுத்தால் பின்னால் ஒரு தாள் இழுத்துச் சமன் செய்யும். ஒரு ராத்திரி பத்துக் கிலோ அரிசி மூட்டையின் அடியில் வைத்தேன்.

பின்பக்கத் தாளில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அகலவாக்கில் பத்து, உயரவாக்கில் ஏழு. ஒவ்வொரு கட்டத்திலும் அ, ஆ, இ என்று வரிசை எழுத்து. தேடித் தேடி அலுத்துவிட்டால் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். இது ஏமாற்றுவேலை என்று சித்தப்பா முதல் நாள் கோபித்தார். மூன்றாம் நாள் நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது திருப்பிக்கொண்டிருந்தார்.

வெட்டுவதற்கு வில் போன்ற சட்டத்தில் நூல் மாதிரி மெல்லிய பிளேடு பூட்டிய ரம்பம் வேண்டும். நம் தேக்கா பக்கம் நகை ஆசாரிகள் வைத்திருப்பார்களே, அதன் பெரிய அண்ணன். நான் முதலில் ஆசாரி ரம்பத்தையே வாங்கிவிட்டேன். சட்டத்தின் ஆழம் ஒரு சாண்கூட இல்லை. பலகைக்குள் ஏழு சென்டிமீட்டர் போனதும் சட்டத்தின் முதுகு பலகை விளிம்பில் முட்டி நின்றுவிட்டது, முன்னாலும் போகவில்லை. முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள சட்டம் கேட்டு வாங்குங்கள். 29.4 உயரத்துக்கு அது நூலிழையில் போதும். பிளேடு அதேதான், 2/0 என்று போட்டிருக்கும், கால் மில்லிமீட்டர் தடிமன். ஒரு டஜன் வாங்குங்கள், உடையும். எனக்கு ஒன்பது உடைந்தது. பற்கள் கீழே பார்க்கும்படி பூட்டவேண்டும், கீழே இழுக்கும்போதுதான் அறுக்கும். விரலை மேலிருந்து கீழே தடவினால் வழுக்கும், கீழிருந்து மேலே தடவினால் பிடிக்கும், அதுதான் சரியான பக்கம். படம் மேலே இருக்கட்டும். பிசிறு எல்லாம் அடிப்பக்கம் போய்விடும், மேலே சுத்தமாக இருக்கும்.

ரம்பத்தைத் திருப்பாதீர்கள், பலகையைத் திருப்புங்கள். ரம்பம் ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்வரட்டும். தையல் மெஷினில் துணியைத் திருப்புவோமே, அந்தப் பழக்கம்தான். வளைவு வரும்போது அழுத்தாமல் அதே இடத்தில் ரம்பம் ஓட ஓடப் பலகையைச் சுற்றுங்கள். அழுத்தினால் பிளேடு படீர் என்று போகும். நடுவே மெழுகுவத்தியில் பிளேடை ஒரு இழுப்பு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மேசை விளிம்பில் நடுவே வெட்டுப் பள்ளமுள்ள ஒரு பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அந்தப் பள்ளத்தின் மேல் வைத்து அறுங்கள்.

வரிசை இதுதான்: முதலில் உயரவாக்கில் ஒன்பது வெட்டு, பத்துப் பட்டை கிடைக்கும். பிறகு ஒவ்வொரு பட்டையையும் ஏழாக. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு காது, பக்கத்துத் துண்டோடு பூட்டிக்கொள்ளும் குமிழைத்தான் சொல்கிறேன். கணக்குப் போட்டால் மொத்தம் 123 காது. காதின் கழுத்து ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல், தலை பத்து மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். கழுத்து மெலிந்தால் பேரப்பிள்ளை கையில் முதல் நாளே முறியும், தலை சிறுத்தால் பூட்டு நிற்காது. எல்லாக் காதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். கோணல்மாணலாக இருந்தால்தான் தவறான துண்டு தவறான இடத்தில் உட்காராது. முதல் பட்டை எனக்கு மிகவும் அசிங்கமாக வந்தது. நல்லவேளை, அது கூட்டத்தின் ஓரம். நீங்களும் ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். முகங்களுக்கு வரும்போது கை பழகியிருக்கும்.

முகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கட்டம் போட்டபடி நேராக அறுத்துக்கொண்டு போனால் சிலர் முகம் நடுவே பிளந்துவிடும். ஏ3 அளவில் ஒரு முகம் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான், துண்டு 4.2 சென்டிமீட்டர். கோட்டைக் கொஞ்சம் வளைத்துத் தோள்களுக்கு நடுவே கொண்டுபோனால் ஒரு முகம் ஒரு துண்டுக்குள் முழுதாக அடங்கும். நான் கழுத்தோடு வெட்டலாம், சட்டையும் முகமும் தனித்தனியாக வந்தால் தேட சுவாரசியமாக இருக்கும் என்று நினைத்து மேலே டேப்பில் கோடு போட்டிருந்தேன். சித்தி காப்பி கொண்டுவந்து வைத்தவர் அதைப் பார்த்துவிட்டார். "கழுத்துல வெட்டாதப்பா. பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க." பதினொரு ஆட்டக்காரர்களில் இன்று இருப்பவர்கள் நான்கு பேர். கோட்டை அழித்து மார்புக்குக் கீழே இறக்கினேன். தொழில்முறையாகப் பார்த்தாலும் சித்தி சொன்னதுதான் சரி. மார்பில் ஜெர்சிக் கோடு ஓடுவதால் மேல்துண்டும் கீழ்த்துண்டும் பொருந்துவதை உடனே கண்டுபிடிக்கலாம்.

பந்தை மட்டும் தனியாக, வட்டமாகவே அறுத்தெடுத்தேன், காது ஏதும் இல்லாமல். எழுபதைத் தாண்டிய எழுபத்தொன்றாவது துண்டு அது. சித்தப்பா துண்டின் நடுவே ஓட்டையாக இருக்கும், கடைசியில் பந்து அதில் உட்காரும். இதற்கு நடுவில் சின்னத் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியே விட்டு, மறுபடி பூட்டி அறுக்கவேண்டும். துளையைக் கோட்டின் மேலேயே போடுங்கள், பந்துக்குள் போட்டால் பந்து பஞ்சர்.

எங்கே வைத்து அறுப்பது என்பது அடுக்குமாடி வீட்டில் பெரிய கேள்வி. மின்சார ரம்பம் இருந்தால் ஒரு மாலையில் முடித்துவிடலாம், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மேல்மாடி கீழ்மாடி இரண்டும் கதவைத் தட்டும். கை ரம்பத்தின் சத்தம் சுண்டெலி கொறிப்பது போலத்தான். அடுக்களைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், துணியையெல்லாம் எடுத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அறுத்தேன். பிளைவுட் தூள் மூக்குக்கு நல்லதல்ல. ராத்திரி ஒரு மணி நேரம் வீதம் இரண்டு வாரம் ஆனது.

அறுத்து முடித்ததும் 320 உப்புத்தாளில் அடிப்பக்கத்தை மட்டும் லேசாகத் தேயுங்கள், படத்தின் பக்கம் உப்புத்தாள் படவே கூடாது. வார்னிஷ் வேண்டாம். இடுக்கில் இறங்கினால் காதுகள் தடித்து, பிறகு துண்டு ஒன்றோடொன்று சேராது.

பெட்டிக்குத் தனியாகச் செலவு செய்யாதீர்கள். எழுபத்தொரு துண்டும் தீபாவளிக்கு வாங்கிய முறுக்கு டப்பாவில் கச்சிதமாக அடங்கின. எண்ணெய் வாசனை போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இரண்டு போட்டுவையுங்கள். காலணிப் பெட்டியில் வருவதே போதும். மூடியின் மேல் படத்தை ஒட்டவேண்டுமா என்று யோசித்தேன், சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். "என் மூஞ்சிய எனக்கே பாத்து அடுக்கத் தெரியாதா?"

இப்போது அந்த இரண்டாவது அச்சு. புதிர் என்றால் ஒரு துண்டு தொலையும், அது விதி. தொலைந்த இடத்தின் ஓட்டைக்குப் பக்கத்துத் துண்டுகளை அடுக்கி, அடியில் வெள்ளைத்தாள் வைத்து ஓட்டையின் உருவத்தைக் கூரான பென்சிலால் வரைந்து எடுங்கள். இரண்டாவது அச்சில் அதே இடத்தைத் தேடி, மீதமான பிளைவுட்டில் ஒட்டி, அந்தக் கோட்டில் அறுங்கள். கோட்டின் வெளி விளிம்பில் அறுத்து, பிறகு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்துங்கள். முதலிலேயே சிறிதாகப் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. அதே அச்சு, அதே மை என்பதால் நிறம் மாறாது. பிறகொரு நாள் வேறு இடத்தில் அச்சடித்தால் சாம்பல் கொஞ்சம் நீலமாகவோ பழுப்பாகவோ வந்து, ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

எங்களுக்கு இதுவரை தொலைந்தது ஒன்றே ஒன்று, கோச்சின் சட்டைப்பைப் பேனா இருக்கும் துண்டு. சோபா அடியில், குளிர்பெட்டிக்குப் பின்னால், சித்தியின் தையல் டப்பாவில் எல்லாம் தேடினோம். நான் மாற்றுத் துண்டு செய்து கொண்டுபோன அன்று, சித்தப்பா மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து பழைய துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் கோச் அவரை ஒரு முக்கியமான ஆட்டத்தில் உட்கார வைத்துவிட்டாராம். எந்த ஆட்டம் என்று கேட்டேன். ஃபேரர் பார்க்கில் முன்பு குதிரைப் பந்தயம் நடந்தது, ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பேர் வந்ததே அதனால்தான் என்று வேறு கதையை ஆரம்பித்தார். மாற்றுத் துண்டை முறுக்கு டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.